இன்பாஸ் மச்சான் எண்ணிய பிறைகள்

“மச்சான், உனக்கு எத்தின பிறை தெரியுது?”

போன வருடம் நோன்புத் தலைப்பிறை பார்க்க நின்ற மாலையில் இன்பாஸ் மச்சான் என்னிடம் கேட்ட கேள்வி இது. என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பிறை தெரிகிறதா என்று கேட்டால் ஓம் என்றோ இல்லை என்றோ சொல்லலாம். எத்தனை என்று கேட்டால் என்ன சொல்வது?

நாங்கள் நிந்தவூர். எங்களுக்குக் கடல் கிழக்கே. பிறை தெரிவது மேற்கே, வயலுக்கு மேலே. அன்று மாரிப்போக வெள்ளாமை வெட்டு, நெல் அறுவடை, நடந்துகொண்டிருந்தது. பொழுது பட்டதும் தொழும் மஃரிபுக்குச் சற்று முன்னர் மச்சான் வெட்டு மெசினை நிறுத்திவிட்டுக் குதித்து இறங்கி, வயலுக்கு மண் அணைத்த வரம்பில் எங்களோடு வந்து நின்றார். தலைமுடியிலும் இமையிலும் வைக்கோல் தூசு. மெசின் சொந்தக்காரர் கலந்தர் காக்காதான் முதலில் பிறையைக் கண்டார். அவர் விரல் நீட்டிய பக்கம் நானும் பார்த்தேன். நூல் மாதிரி ஒன்று தெரிந்தது. மச்சான் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார். பிறகு மற்றக் கண்ணைப் பொத்தினார். அதற்குப் பிறகுதான் என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து அப்படிக் கேட்டார்.

ஒன்று என்றேன். பகிடி விடுகிறார் என்று நினைத்தேன்.

“எனக்கு வலது கண்ணால ரெண்டு தெரியுது. இடது கண்ணால ஒரு கொத்து,” என்றார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

என் அக்கா சஹ்லா ராத்தாவை அவர் கலியாணம் முடித்து அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவருடைய ஊர் சாய்ந்தமருது. வாப்பாவும் அண்ணன்மாரான காக்காமாரும் கடல் தொழில் செய்கிறவர்கள். இவருக்கு மட்டும் தோணியை விட அதன் இயந்திரத்தில்தான் ஆசை. பள்ளிக்கூடத்தை விட்டதும் வாகனம் திருத்தும் ஒரு கராச்சில் சேர்ந்தார், அங்கிருந்து கலந்தர் காக்காவின் வெட்டு மெசினில் ஏறினார். நெல் எங்கே விளைந்திருக்கிறதோ அங்கே போவார். எங்கள் பக்கம் வெட்டு முடிந்தால் பொலன்னறுவைக்குப் போவார். திரும்பி வந்தால் மெசினைக் கழற்றிப் பூட்டுவார். கதிரையில் உட்கார்ந்திருந்தாலும் கால் ஆடிக்கொண்டேயிருக்கும்.

கை சும்மா இருந்தால் கண்ணைக் கசக்குவார். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நெல்லுச் சுணை பட்டவர்களுக்குத் தெரியும், அது தோலில் பட்டாலே அரிக்கும், கண்ணில் பட்டால் விடவே விடாது. மச்சானுக்குச் சின்ன வயதிலிருந்தே தூசு ஒத்துக்கொள்ளாது. வெட்டு முடிந்து வந்ததும் மடக்கிய விரல்களின் மொளியாலும் கண்ணை அழுத்தி உருட்டுவார். அப்படிச் செய்யும்போது அவருக்கு ஒரு சுகம் வரும்போல, வாயைக்கூடத் திறந்துகொள்வார். கண்ணுக்குள் ரொட்டிக்கு மா பிசைகிறீர்களா என்று ராத்தா கேட்பாள். பிசைந்து முடிந்ததும் சுட்டுத் தருகிறேன் என்பார்.

பிறை இரண்டாகத் தெரிவதை அவர் வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பது எங்கள் பக்கத்தவர்களுக்கு விளங்கும். எங்கள் ஊர்களில் கலியாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். எல்லாரும் அவரை மரியாதையாக நடத்துவார்கள், அதே நேரத்தில் எல்லாருடைய கண்ணும் அவர் மேலேயே இருக்கும். எங்கள் வீட்டில் பழைய வழக்கமும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. உம்மா மருமகனோடு நேரே கதைப்பதில்லை. அவருக்குச் சோறு வைத்துவிட்டு, அறைவாசல் திரைக்குப் பின்னால் நின்று, இன்னும் கறி வேணுமா என்று கேட்கும்படி ராத்தாவிடம் சொல்வார். மச்சானும் போதும் என்று ராத்தாவிடம்தான் சொல்வார். இருவரும் ஒருவர் குரலை மற்றவர் நன்றாகக் கேட்பார்கள். ஆனாலும் நடுவில் ராத்தா நிற்க வேண்டும். அப்படியான வீட்டில், கண் பழுதான மாப்பிள்ளை என்று பெயர் எடுக்க அவருக்கு விருப்பமில்லை.

கல்முனையில் ஒரு கடையில் கண்ணாடி எடுத்தார். கொஞ்ச நாளில் அது சரிவரவில்லை என்று மாற்றினார். மாற்றியதும் சரிவரவில்லை. மெசினில் இருக்கும்போது போட்டுக்கொள்வார், எங்கள் வாசலுக்கு வரும்போது கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துவிடுவார். ஒவ்வொரு மாதமும் தலைப்பிறை நாளில் மட்டும் வீட்டுக்குப் பின்னால் போய், ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மேற்கே பார்ப்பார். வானம் மூடியிருந்தால் அன்று முழுவதும் எரிச்சலோடு திரிவார்.

ஒரு நாள் அந்தி நேரத்தில் மெசின் பக்கத்து வயலின் வரம்பில் ஏறிவிட்டது. வரம்பு உடைந்தது, நல்லவேளை ஆளுக்குச் சேதமில்லை. வயல்காரன் சத்தம் போட, கலந்தர் காக்கா எங்கள் வீட்டுக்கே வந்து, மருமகனுக்கு நெல்லும் வரம்பும் ஒன்றாகத் தெரிகிறது, முதலில் கண்ணைக் காட்டுங்கள் என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுப் போனார். மச்சான் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். மறுநாளே ராத்தா அவரைக் கண் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். நானும் போனேன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த காலம் அது, வீட்டுக்குள் இருக்க எனக்கும் பிடிக்கவில்லை.

டொக்டர் ஒரு பெண். கண்ணைப் படம் எடுக்கும் கருவிக்கு முன்னால் மச்சானை இருத்தி, பிறகு எங்களுக்குத் திரையைக் காட்டினார். கண்ணின் முன்பக்கம் ஒரு வரைபடம் மாதிரி இருந்தது. பச்சையாக இருக்க வேண்டிய இடம் சிவப்பாகத் தெரிந்தது. கருமணிக்கு முன்னால் கடிகாரக் கண்ணாடி போல ஒரு தெளிவான படலம் எல்லாருக்கும் இருக்கிறது. விஞ்ஞானப் புத்தகத்தில் நாங்கள் விழிவெண்படலம் என்று படித்தது அதைத்தான். மச்சானுக்கு அது மெலிந்து, உள்ளே இருக்கும் நீரின் அழுத்தத்தால் முன்னுக்குத் தள்ளிக் கூம்பு மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. நோயின் பெயர் கெரட்டோகோனஸ். சிலருக்குப் பிறவியிலேயே அந்தப் படலம் பலம் குறைவாம். ஓயாமல் கசக்கினால் நிலைமை இன்னும் மோசமாகுமாம். இடது கண் ஏற்கெனவே மிகவும் மெலிந்துவிட்டது, அதற்கு இறந்தவர் ஒருவர் தானம் செய்த படலத்தை ஒரு காலம் பொருத்த வேண்டி வரலாம். வலது கண்ணைக் காப்பாற்றலாம், ஆனால் சுணங்கக்கூடாது. இதைத்தான் டொக்டர் இரண்டு தடவை சொன்னார்.

காப்பாற்றும் வழியைக் கேட்டபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. கண்ணுக்குள் ஒரு மஞ்சள் விட்டமின் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஊற வைப்பார்கள். பிறகு அதன் மேல் ஓர் ஒளியைப் பாய்ச்சுவார்கள். அந்த ஒளியும் மருந்தும் சேர்ந்து, படலத்துக்குள் இருக்கும் நார்களை ஒன்றோடு ஒன்று இறுகப் பிணைத்துவிடும். லேசரா என்று ராத்தா கேட்டாள். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போங்கள், ஆனால் இது புற ஊதா ஒளி என்றார் டொக்டர்.

“அப்ப என்ட கண்ணுக்கு வரம்பு கட்டப் போறீங்க,” என்றார் மச்சான்.

டொக்டருக்கு வயல் தெரியாது போலிருக்கிறது. ராத்தா விளங்கப்படுத்தினாள். தண்ணீர் தள்ளும்போது மெலிந்த வரம்பு வெளியே பிதுங்கும், அது உடையுமுன் இறுக்க வேண்டும். டொக்டர் சிரித்துவிட்டு, சரியாக அதேதான் என்றார். ஒரு விடயத்தை மட்டும் அழுத்திச் சொன்னார். வரம்பு கட்டினால் உடையாது, அவ்வளவுதான். பிதுங்கியது பழையபடி நேராகிவிடும் என்று நினைக்க வேண்டாம். பார்வை கூடுவதற்காக அல்ல, மேலும் குறையாமல் இருப்பதற்காகத்தான் இந்தச் சிகிச்சை.

மச்சானுக்கு அது பிடிக்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது, நன்றாக வரப்போவதில்லை என்றால் ஏன் போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஊரிலும் ஆளுக்கொரு கதை. லேசர் அடித்தால் கண்ணாடியே தேவையில்லை என்றார்கள், அடித்த ஒருவர் குருடாகிவிட்டார் என்றார்கள். கலந்தர் காக்கா, மெசினுக்கு வெல்டிங் வைத்த மாதிரி இன்பாஸ் கண்ணுக்கும் வெல்டிங் வைக்கப் போகிறான் என்று சந்தியில் சொல்லித் திரிந்தார்.

கொழும்பு ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் கிடைத்த முதல் திகதி சிறுபோக வெட்டுக் காலத்தில் விழுந்தது. மச்சான் போகவில்லை. மெசினோடு பொலன்னறுவைக்குப் போய்விட்டார். ராத்தா அவரோடு கதைப்பதை நிறுத்தினாள். அவர் திரும்பி வந்த மாதத்துப் பிறையை நானும் அவரும் சேர்ந்துதான் பார்த்தோம். வலது கண்ணால் நெடுநேரம் பார்த்தார். மூன்று என்றார். அன்று அவர் சாப்பிடவில்லை.

மறுபடி டொக்டரிடம் போனபோது படலம் இன்னும் மெலிந்திருந்தது. ஒளியைப் பாய்ச்சப் படலத்துக்கு ஓர் அளவு தடிப்பு வேண்டும், அதற்குக் கீழே போனால் ஒளி உள்ளே இறங்கிக் கண்ணைக் கெடுத்துவிடும். மச்சானின் வலது கண் அந்த எல்லைக்குப் பக்கத்தில் வந்திருந்தது. அதற்குப் பிறகு வெட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அடுத்த திகதி எப்போது என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். அது இந்த வருடம் நோன்புக்குச் சற்று முன்னர் கிடைத்தது.

கொழும்புக்கு நானும் ராத்தாவும் கூடப் போனோம். உள்ளே நடந்ததை மச்சான் சொன்னபடி சொல்கிறேன். மரத்துப்போகச் சொட்டு விட்டார்கள். இமையை ஒரு கம்பியால் திறந்து பிடித்தார்கள். படலத்தின் மேல்தோலைச் சுரண்டினார்கள், வலிக்கவில்லை, ஆனால் சுரண்டுவது தெரிந்தது. பிறகு மஞ்சள் மருந்து, விட்டுக்கொண்டே இருந்தார்கள். பிறகு அந்த ஒளி, கண்ணுக்கு நீலமாகத் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு அசையாமல் கிடக்கச் சொன்னார்கள். இந்த மனிதர் எப்படி அசையாமல் கிடந்தார் என்பதுதான் எனக்கும் ராத்தாவுக்கும் ஆச்சரியம். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாராம்.

முடிந்ததும் கண்ணின் மேல் மெல்லிய வில்லை ஒன்றைப் போர்வை மாதிரி வைத்து அனுப்பினார்கள். மேல்தோல் வளரும்வரை அந்தக் கண் திறந்த புண்தான், கிருமி பிடிக்காமல் பகல் முழுதும் நேரத்துக்கு நேரம் சொட்டு மருந்து விட வேண்டும், தண்ணீரும் தூசும் படக்கூடாது, கசக்கவே கூடாது. எங்கள் டொக்டரிடம் அடுத்த கிழமை காட்டினால் வில்லையை அவரே எடுத்துவிடுவார்.

நாங்கள் ஊர் வந்த மறுநாள் நோன்பு தொடங்கியது.

மச்சான் பள்ளிவாசல் இமாமிடம் ஆள் அனுப்பி ஒன்று கேட்டார். தொழுகைக்கு ஒளு எடுத்து முகம் கழுவும்போது கண்ணில் தண்ணீர் படக்கூடாதே, என்ன செய்வது என்று. இமாம் வழி சொல்லி அனுப்பினார். ஆனால் சொட்டு மருந்தைப் பற்றி மச்சான் கேட்கவில்லை. அதற்குப் பதில் தனக்குத் தெரியும் என்று நினைத்தார். மருந்து விட்டால் கொஞ்ச நேரத்தில் தொண்டையில் கசக்கும். தொண்டைக்கு ஒன்று போனால் நோன்பு முறிந்துவிடும். இவ்வளவுதான் அவர் கணக்கு.

நோயாளி நோன்பை விட்டுவிட்டுப் பிறகு பிடிக்கலாம் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் போன வருட நோன்பில் பெரும்பகுதி மெசினோடு பொலன்னறுவையில் போய்விட்டதால், பெண் வீட்டில் அவருக்கு முழுதாக வாய்த்த முதல் நோன்பு அது. மாலையானால் பாய் விரித்து, கஞ்சியும் சம்சாவும் பேரீச்சம்பழமும் வைத்து, வாப்பாவுக்குப் பக்கத்தில் அவரை இருத்துவார்கள். புதுமாப்பிள்ளையைப் பார்க்கச் சொந்தக்காரர்கள் வருவார்கள். கையும் காலும் நன்றாக இருக்கிற ஒரு ஆண், நோன்பில்லாமல் அந்தப் பாயில் எப்படி இருப்பது? அதனால் விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழுந்ததும் ஒரு தடவை மருந்து விட்டார், நோன்பு திறந்த பிறகு விட்டார். பகல் முழுவதும் விடவில்லை. யாருக்கும் சொல்லவும் இல்லை.

நான்கைந்து நோன்பு போயிருக்கும். மச்சான் அறையை இருட்டாக்கி வைத்துக்கொண்டு உள்ளே நடந்துகொண்டிருந்தார். நடுப்பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்த எனக்கு அவர் காலடிச் சத்தம் கேட்டது, போவதும் திரும்புவதுமாக. ராத்தா உள்ளே போனாள். நானும் உம்மாவும் வெளியே நின்றோம். இடையில் திரை.

மருந்துக் குப்பியைத் தூக்கிப் பார்த்திருக்கிறாள். இதற்குள் அது காலியாகியிருக்க வேண்டும், பாதிகூடக் குறையவில்லை.

“பகல்ல விட்டீங்களா, இல்லியா?”

காலடிச் சத்தம் நின்றது.

“உங்களத்தான் கேக்கன்.”

“நோன்போட எப்பிடி விடுற? கசப்புத் தொண்டைக்குள்ள எறங்குது.”

“டொக்டர் என்ன சொன்னவ?”

“டொக்டருக்கென்ன, அவக்கு நோன்பா?”

“அப்ப நோன்ப விட்டிரிக்கலாமே. வருத்தக்காரனுக்கு அல்லாஹ் லேசாக்கித்தானே தந்திரிக்கான்.”

“லேசுதான். பின்னேரம் உங்கட வாப்பாக்குப் பக்கத்தில போய்க் குந்துற ஆரு? நீயா?”

ராத்தா அழுகிறாள் என்று தெரிந்தது. கண் தீயாய் எரியுது, வெளிச்சம் குத்துது என்று மச்சான் மெல்லச் சொன்னது கேட்டது.

உம்மா திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். எனக்கு ஒரு கணம் நம்ப முடியவில்லை. மச்சான் திடுக்கிட்டு இடுப்புச் சாரத்தைச் சரிப்படுத்திக்கொண்டு நின்றார்.

“மகன்,” என்றார் உம்மா. “இந்த ஊட்டில உங்களுக்கு நோன்பில்லாட்டி ஆரு என்ன சொல்ற? சொல்றவங்களுக்கு நான் பதில் சொல்றன். மருந்த விடுங்க. இப்பயே விடுங்க.”

மச்சான் கட்டிலில் இருந்து தலையைப் பின்னுக்குச் சாய்த்தார். ராத்தா விட்ட முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது. இரண்டாவது கண்ணுக்குள் போனது. குப்பியின் மூடியை உம்மா தன் கையில் வாங்கி வைத்திருந்தார். அவர் முக்காடு தோளில் விழுந்து கிடந்தது, எடுத்துப் போடவும் நினைவில்லை.

ஓட்டோ பிடித்து உடனே டொக்டரிடம் ஓடினோம். அவர் வில்லையை எடுத்துவிட்டுப் பார்த்தார். படலத்தின் ஓரத்தில் வெள்ளைப் புள்ளி ஒன்று தெரிந்தது. கிருமி பிடித்துவிட்டது. அது ஓரத்தோடு நின்றால் தப்பலாம். நடுவுக்கு வந்தால், ஆறினாலும் வடு விழும், அந்த வடுவுக்கூடாக ஒன்றும் தெரியாது. காப்பாற்றப் போன கண்ணே போய்விடும். வேறு மருந்து கொடுத்து, மணிக்கு மணி விடச் சொன்னார்.

நாங்கள் வீட்டுக்கு வந்தபோது வாப்பா பள்ளியிலிருந்து வந்திருந்தார். விடயம் அறிந்து இமாமிடம் அவரே கேட்டிருக்கிறார். கண்ணில் மருந்து விட்டால் நாங்கள் பின்பற்றும் மத்ஹபின் சட்டப்படி நோன்பு முறியாது, கசப்புத் தொண்டையில் தெரிந்தாலும் முறியாது என்று இமாம் சொன்னாராம். கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பேனே என்றும் சொன்னாராம். மச்சான் அதைக் கேட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி கிடந்தார். அன்றிலிருந்து மச்சான் நல்லபடி தேறும்வரை நோன்பு பிடிக்க வேண்டாம் என்று உம்மா சொல்லிவிட்டார். பகலில் அவருக்குச் சோறு வைத்தது உம்மாதான். கறி வேணுமா என்று அவரிடமே கேட்டார்.

அந்த நாட்களை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வீட்டில் யாராலும் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. ராத்தா மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேற்கே வயல் வட்டைப் பக்கத்திலிருந்து கலந்தர் காக்காவின் மெசின் சத்தம் வரும். வேறொருவன் அதை ஓட்டினான். கியரை இழுத்து இழுத்துப் போடுகிறான், மெசினைக் கொல்லப் போகிறான் என்று மச்சான் இருட்டுக்குள் கிடந்தபடி சொல்வார். ஒவ்வொரு முறை டொக்டரிடம் போகும்போதும் புள்ளி எங்கே நிற்கிறது என்று கேட்போம். கொஞ்சம் நகர்ந்திருக்கிறது என்றார். பிறகு அப்படியே நிற்கிறது என்றார். பிறகு ஒரு நாள், சுருங்குகிறது என்றார். நடுவுக்கு வராமலே ஆறியது. ஓரத்தில் மெல்லிய வடு ஒன்று இருக்கிறது, பார்வையை அது மறைக்காது.

பெருநாள் பிறைக்கு மச்சான் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வயலுக்கு வந்தார். வெட்டு முடிந்து அடிக்கட்டைதான் கிடந்தது. பிறை தெரிந்ததும் எல்லாரும் அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொன்னார்கள். மச்சான் கண்ணாடியைக் கழற்றி, இடது கண்ணைப் பொத்திக்கொண்டார். நான் பிறையைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்தேன்.

“மூணு,” என்றார். பிறகு இன்னொரு தடவை பார்த்தார். “மூணுதான் மச்சான். கூடல்ல, அப்பிடியேதான்.”

கலந்தர் காக்கா அதைக் கேட்டுவிட்டார். “அப்ப எங்களுக்கு ஒரு பெருநாள், உனக்கு மூணு பெருநாளா?”

மச்சான் சிரித்தார். நெடுநாளைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார்.

அதற்குப் பிறகு எடுத்த படத்திலும் அந்தச் சிவப்பு இடம் பெரிதாகவில்லை. வரம்பு நிற்கிறது. பார்வைக்கு வலது கண்ணில் கடினமான வில்லை ஒன்று போட்டுப் பழகுகிறார், அதைப் போட்டால் பிறை ஒன்றாகத் தெரியும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். மெசின் ஓட்ட இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. கலந்தர் காக்காவின் வீட்டு வளவில் மெசின் திருத்துகிறார், தூசு புகாமல் சுற்றிலும் மூடிய கண்ணாடி போட்டுக்கொண்டு. கண் அரித்தால் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வார். இன்னும் கால் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.

வாசிக்கிறவர்களிடம் எனக்கு ஒரு விருப்பம்தான். ஓயாமல் கண்ணைக் கசக்குகிற, கண்ணாடியை மாற்றி மாற்றிப் போடுகிற ஒரு பிள்ளை உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கலாம். கண்ணில் மருந்து விட வேண்டிய ஒருவர், யாரிடமும் கேட்காமல், வாய்க்குள் கசக்கிறதே என்று நோன்போடு இருக்கலாம். மச்சானுக்கு ஒரு கண்தான் தப்பியது, அதுவும் மயிரிழையில். அவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். வாசிக்க மாட்டார்கள் என்றால் வாயால் சொல்லுங்கள். அடுத்த தலைப்பிறைக்கு முன்னால் சொல்லிவிடுங்கள்.